நண்டு இல்லாத சொல்

இரவு எட்டே முக்காலுக்கு இறங்கிய மின்னஞ்சலில்
எண்கள் மட்டும் நனையாமல் இருந்தன.
3. அப்புறம் 450. அப்புறம் 9.30.
சொற்களுக்கு நடுவே இடைவெளியும் பிழைத்திருந்தது.
மற்றதெல்லாம் à® à® à¯ என்று
வலையில் சிக்கிய குப்பை.

"மூணாம் மதகு, நானூத்தம்பது, ஒம்பதரை மணி. சரி.
தொறக்கணுமா, மூடணுமா?"
என்றார் லஸ்கர் பக்கிரிசாமி.
அவர் சட்டையில் சொட்டிய மழை
விசைப்பலகைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

பொறியாளர் மெஹர்நிசா உடைப்பு அடைக்கப் போயிருந்தார்.
செல்போன் கோபுரம் மாலையே படுத்துவிட்டது.
தரைவழிக் கம்பி இந்த ஒன்றை இறக்கி வைத்துவிட்டு
அதுவும் செத்தது.
நீடாமங்கலம் முழுக்க இருட்டு.
பதினொரு நிமிஷம் தாங்குவேன் என்றது யு.பி.எஸ்.

தமிழில் வினை கடைசியில் வரும்.
திறக்கவும்.
மூடவும்.
வால் இரண்டுக்கும் ஒன்றுதான்: வும், வும்.

எழுத்துருவை மாற்றினேன்.
அதே குப்பை, கொஞ்சம் தடிமனாக.
குறியாக்கம் என்று மெனுவில் முன்பு ஓரிடம் உண்டு.
யாருக்கும் தேவைப்படாது என்று
புதிய பதிப்பில் எடுத்திருந்தார்கள்.

மடலின் மேலுறையைப் பிரித்தேன்.
பொய் அங்கே இருந்தது.
உள்ளே இருப்பது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று
தஞ்சாவூரில் ஏதோ ஒரு கணினி சத்தியம் செய்திருந்தது.

நம் எழுத்து ஒன்று கம்பியில் போகும்போது
மூன்றாகப் பிரிந்து போகும்.
வாங்குகிறவனுக்கு மூன்றையும் சேர்த்து வாங்கத் தெரிய வேண்டும்.
தெரியாவிட்டால் தனித்தனியாக எண்ணி வைப்பான்.
ஜன்னலுக்கு வெளியே வெண்ணாறும்
மூன்றாகப் பிரிந்துகொண்டுதான் இருந்தது.
அதைச் சேர்த்துக் கொடு என்று
என்னிடம் யாரும் சொல்லவில்லை, நல்லவேளை.

வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கம்.
போன ஐப்பசியில் இதே கோளாறு வந்தபோது
பென்சிலில் குறித்து வைத்தது:
ண வந்தால் பவுண்டுக் குறி கிடக்கும்.
ர வந்தால் வெயில் அளக்கும் சின்னச் சுழி.
ன, காப்புரிமை.
த, நாலு கால் முளைத்த வட்டம், வயல் நண்டு மாதிரி.
ம, வட்டத்துக்குள் அடைபட்ட ஆர்.

திறக்கவும் என்றால்
நண்டு இல்லாமல் முடியாது.

கடைசிச் சொல்லில் விரலை வைத்தேன்.
à®®à¯‚à®Ÿà®µ
மறுபடியும் வைத்தேன்.
நண்டு இல்லை.

"மூடணும்."
"நிச்சயமா?"
யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது.
மடலைக் கோப்பாகச் சேமித்து
பொய் சொன்ன வரியை அழித்து
யு.டி.எஃப். எட்டு என்று எழுதித் திறந்தேன்.

*கோரையாறு 3ஆம் மதகை, 450 கன அடி மட்டும் செல்லும் அளவுக்கு,
9.30க்குள் மூடவும்.*

பக்கிரிசாமி குனிந்து பார்த்தார்.
கண்ணாடி அவரிடம் இல்லை.
என் முகத்தைத்தான் படித்திருப்பார்.
திரை அணைந்தபோது
வெளியே திருகுச் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது,
பல் பல்லாக.

விடியலில் இணையம் வந்தது. பதில் போட்டேன்:
மூடியாயிற்று. கீழே சம்பா தப்பியது.

ஏழு மணிக்குத் தொலைபேசி.
"என்னம்மா அனுப்பியிருக்கீங்க?
வரி முழுக்கக் கேள்விக்குறியா இருக்கு.
அப்படி என்ன கேக்குறீங்க?"

à®-ஐத் திரும்ப எழுத்தாக்கலாம்.
கேள்விக்குறி ஆனதை ஆக்க முடியாது.
வழியில் எவனோ நெல்லைக் கொட்டிவிட்டு
மூட்டைக் கணக்கை மட்டும் அனுப்பியிருக்கிறான்.

"ஒண்ணும் கேக்கல சார், மூடியாச்சுன்னு சொன்னேன்" என்றேன்.
வைக்கப் போனவள், கேட்டதுதான் கேட்டார் என்று,
"நாலு மாசமா தினக்கூலி வரல" என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம், அந்தப் பக்கத்து மழை.

"அதை மெயில்ல போடுங்கம்மா."